மூன்றாவது கிண்ணம்

ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு ஒன்பது வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த போஹ்டானா லிப்கோவா பிழைத்துக்கொண்டாள். இனி நடக்க மாட்டாள் என்றார்கள். அடுத்த வசந்தத்தில் நடந்தாள். இடது கைக்குப் பாதிப் பலம்தான் திரும்பி வந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டே பதினோரு வயதில் சைக்கிள் கற்றாள். பேச்சு மெதுவாக வருகிறது என்பதற்காக அவளை மந்தப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கூடை முடையவும் தரை துடைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தை அவள் வீட்டில், அண்ணனின் பழைய பாடப்புத்தகங்களிலிருந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை உலர்த்தும் கூடத்தில் பெருக்குவதற்கு ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். மூன்றாவது அறுவடைக்குள், பூ காய்ந்துவிட்டதா இன்னும் ஒரு மணி நேரம் கிடக்க வேண்டுமா என்று மேஸ்திரியே அவளைக் கேட்கும்படி ஆயிற்று. வீட்டில் காய்ச்சும் பியருக்காக வட்டாரத்தில் நடக்கும் போட்டியில் இரண்டு முறை இரண்டாம் இடம் வாங்கினாள். ஒரு முறை முதலிடம். முதலிடத்துக்குப் புகையில் வாட்டிய பன்றித் தொடை ஒன்றும் பெயர் பொறித்த மரப்பலகை ஒன்றும் கொடுத்தார்கள்.

பலகையில் இருந்த பெயர் ஒடகார் லிப்கா. அவளுடைய அண்ணன்.

அதற்குக் காரணம் இருந்தது. போஹ்டானாவுக்குக் கையெழுத்து கிடையாது. எழுதத் தெரியாது என்பதல்ல. இருபது வயதில், சட்டப்படி தன்பொறுப்பு அற்றவள் என்று நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். உதவித்தொகை வேண்டுமானால் அப்படி ஒரு தீர்ப்பு வேண்டும் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அவரும் நம்பி மனுவில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வங்கி, தபால், வைத்தியம், வேலை, போட்டிக்கான விண்ணப்பம் என்று எதிலும் அவள் எழுதும் பெயர் செல்லாது. காப்பாளர்தான் போட வேண்டும். 1994 வரை அப்பா. அதற்குப் பிறகு ஒடகார்.

ஒடகார் அவளைவிட நான்கு வயது மூத்தவன். எட்டாம் வகுப்பு முடித்துத் தொழில் பழகி, கூட்டுப்பண்ணையில் டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு குறைவு என்பதாலேயே எதையும் எழுதி வைத்துக்கொள்வான். கட்டம் போட்ட நோட்டு, கூராகச் சீவிய பென்சில், ஓரத்தில் கோடு. வீட்டில் காய்ச்சிய ஒவ்வொரு பியருக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் உண்டு. எத்தனை கிலோ பார்லி, எத்தனை மணிக்குக் கொதி, எத்தனை நிமிடத்தில் எந்தக் கிண்ணம் பூ. பியரைக் காய்ச்சுவது தங்கை. எழுதுவது அவன்.

சட்டம் மாறிவிட்டது. பழைய தீர்ப்புகளை எல்லாம் 2018 முடிவதற்குள் மறுபடி பார்த்தாக வேண்டும் என்று அந்த வருட வசந்தத்தில் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. அதே வசந்தத்தில் இருதய டாக்டர் ஒடகாரிடம், வால்வு தேய்ந்துவிட்டது, அறுவை செய்யலாம், செய்தாலும் உத்தரவாதம் இல்லை என்றார். அன்றிலிருந்து அவன் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் காப்பாளர் பொறுப்பு ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும். யாருமற்றவர்களைக் கொண்டுபோய் விடும் விடுதி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு அறைக்கு நான்கு கட்டில். அவளுக்குக் கையெழுத்து திரும்பக் கிடைத்தால் வீடு வீடாகவே இருக்கும். அவளும் அவளாகவே இருப்பாள்.

மனுவை நான்கு முறை எழுதிக் கிழித்தான். ஐந்தாவதை அனுப்பினான். அதோடு பியர் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து இணைத்தான். என் தங்கை எவ்வளவு சிக்கலான வேலையைச் செய்கிறாள் என்று பாருங்கள், என்று மேலே ஒரு வரி.

கோர்ட்டு ஒரு மனநல நிபுணரை நியமித்தது. செப்டம்பர் 13, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருவதாக அவர் எழுதியிருந்தார். ஒடகார் உடனே முடிவு செய்தான். அன்றைக்குப் பியர் காய்ச்ச வேண்டும். கேள்வி பதிலில் அவள் திணறுவாள். கொப்பரைக்கு முன்னால் திணற மாட்டாள். அதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

திங்கட்கிழமை காலை அதைச் சொன்னபோது போஹ்டானா ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேணாம் அண்ணா. பனி விழட்டும்."

"பனி விழற வரைக்கும் கோர்ட்டு கால் மேல கால் போட்டுக் காத்திருக்குமா?"

"நாம எப்பவும் ஜனவரியிலதான காய்ச்சுவோம்."

"இந்த வருஷம் செப்டம்பர்ல காய்ச்சறோம். புதுப் பூ வேற வந்திருக்கு."

"கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு."

"காய்ச்சறதுக்கு ஹெர்மினா வீட்டுக் குழாயில பிடிச்சுக்கலாம். அதுக்கு என்ன இப்ப?"

"காய்ச்சறதுக்கு இல்ல. அது..." அவள் அடுத்த சொல்லைத் தேடினாள். அதற்குள் அவன் நோட்டைத் திறந்து, போன ஜனவரிப் பக்கத்தைப் பார்த்துப் புதிய அட்டவணை எழுதத் தொடங்கிவிட்டான். அவள் கொஞ்ச நேரம் அவன் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொட்டியைத் தின்றாள்.

அட்டவணையை அவன் பெரிய அட்டையில் சிவப்பு எழுத்தில் எழுதி, துணி வெளுக்கும் கொட்டகையின் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினான். பத்து மணி: கொதி, முதல் கிண்ணம். பத்தே முக்கால்: இரண்டாவது கிண்ணம். பதினொன்று இருபது: மூன்றாவது கிண்ணம். பதினொன்றரை: அடுப்பை அணை. மூன்று கிண்ணத்திலும் இருப்பது ஒரே ஹாப்ஸ் பூதான். முதலில் போட்டது நெடுநேரம் வெந்து கசப்பைக் கொடுக்கும். நடுவில் போட்டது ருசிக்கு. கடைசியில் போட்டது பத்தே நிமிடம் வெந்து, மணத்தைப் பிடித்து நிறுத்தும். அந்த மணத்துக்காகத்தான் போட்டியில் நடுவர்கள் கோப்பையைக் கீழே வைக்காமல் இன்னொரு தரம் முகர்ந்தார்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவளைக் கொட்டகையில் நிறுத்தி ஒத்திகை பார்த்தான். காலிக் கொப்பரை, காலிக் கிண்ணம்.

"பதினொண்ணு இருபதுக்கு என்ன?"

"மூணாவது."

"ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகக்கூடாது. டாக்டர் கடிகாரத்தையும் பார்ப்பார், அட்டையையும் பார்ப்பார்."

"கொப்பரையப் பார்க்க மாட்டாரா?"

"அவருக்குக் கொப்பரை என்ன தெரியும்? ஊர்க்காரரா அவர்?"

போஹ்டானா காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்து முட்டியில் தட்டினாள். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. பயம் என்று எடுத்துக்கொண்டான்.

வியாழன் காலை பக்கத்து வீட்டு ஹெர்மினா வேலிக்கு மேலே ரப்பர்க் குழாயை நீட்டிக் கொடுத்தாள். எழுபது வயது, இரண்டு கணவர்களைப் புதைத்தவள், வாய்க்கு வேலி கிடையாது.

"பரிசு உங்க வீட்டுக்கு, தண்ணி என் வீட்டுதா? நல்லா இருக்கு நியாயம்."

"ஒரு ஜாடி உனக்குத்தான் ஹெர்மினா," என்றான் ஒடகார்.

"ஒரு ஜாடிய வச்சு என் பூனை மூஞ்சி கழுவும். ஏன்டா, உன் தங்கச்சிக்கு ரவிக்கை எல்லாம் இஸ்திரி போட்டு விட்டிருக்க? வர்ற டாக்டர் பொண்ணு பார்க்க வர்றாரா?"

"அக்கா, டாக்டருக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்," என்றாள் போஹ்டானா. "இல்லன்னா உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன்."

ஹெர்மினா சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. ஒடகாருக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான், எட்டே கால். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அதுவும் எட்டே கால்.

டாக்டர் விட்ரா சரியாக ஒன்பதரைக்கு வந்தார். ஐம்பது வயது, தோல் பை, தேய்ந்த செருப்பு. காபி வேண்டாம் என்றார். கொட்டகையில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மடியில் அட்டை வைத்து எழுத உட்கார்ந்தார். முளைகட்டிய பார்லியின் சாறு கொப்பரையில் சூடேறிக்கொண்டிருந்தது. கொட்டகை முழுக்க இனிப்பு ஆவி.

"நீங்க வேலையப் பாருங்கம்மா. நடுநடுவுல நான் கேக்கறேன். இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். குப்பை வண்டி வர்ற நாள்."

"நம்ம தலைநகரம்?"

"ப்ராக். நான் போனதில்ல. அண்ணன் ஒருக்கா போய்க் குடையத் தொலைச்சிட்டு வந்துச்சு."

டாக்டர் ஒடகாரைப் பார்த்தார். ஒடகார் ஆமாம் என்று தலையாட்டினான்.

பத்து மணிக்குச் சாறு கொதித்தது. அவள் முதல் கிண்ணத்தைக் கொட்டினாள். பச்சைப் பூக்கள் நுரையில் சுழன்று முங்கின. ஒடகார் மூச்சை விட்டான்.

"நூறிலிருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே போங்க."

"தொண்ணூத்து மூணு. எண்பத்தாறு..." நுரை விளிம்புக்கு ஏறியது. அவள் எழுந்து போய் எரிவாயுவைக் குறைத்து, துடுப்பால் நுரையை அமுக்கி, விளிம்பைத் துடைத்து, துடுப்பைக் கழுவி மாட்டினாள். திரும்பி வந்தவள் கழித்தலுக்குத் திரும்பவில்லை. டாக்டர் காத்திருந்து பார்த்துவிட்டு எதையோ எழுதினார். ஒடகார் வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், விறகுப் பெட்டியில் உட்கார்ந்தான், எழுந்தான்.

"தெரியாதவங்க யாராவது ஒரு காகிதத்த நீட்டி, கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"எங்கிட்ட யாரும் நீட்ட மாட்டாங்க. ஊருக்கே தெரியும்."

"சரி, நீட்டினா?"

"படிப்பேன். புரியலன்னா, நாளைக்கு வான்னு சொல்வேன்."

"புரிஞ்சா?"

அவள் யோசித்தாள். "அப்பவும் நாளைக்கு வான்னுதான்."

டாக்டரின் மீசை கொஞ்சம் அசைந்தது. ஒடகாருக்குத் தெம்பு வந்தது. பத்தே முக்காலுக்கு இரண்டாவது கிண்ணம் போனது, நொடி பிசகாமல். இன்னும் ஒன்றுதான். அதுவும் சரியாகப் போய்விட்டால் போதும், சாயங்காலம் போய் அப்பா கல்லறையில் ஒரு விளக்கு வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

பதினொன்று பதினெட்டுக்குப் போஹ்டானா மூன்றாவது கிண்ணத்தை எடுத்து இடது கையில் அணைத்துக்கொண்டாள். பதினொன்று இருபது. அவள் அசையவில்லை. கொப்பரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒடகார் இருமினான்.

அவள் திரும்பவில்லை. டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேனா நகர்ந்தது.

பதினொன்று இருபத்திரண்டு. ஒடகார் மறுபடி இருமி, செருப்பால் தரையைத் தேய்த்தான். பதினொன்று இருபத்தாறு. இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேனே, இதையேதானே திருப்பித் திருப்பிச் சொன்னேன். பதினொன்றரைக்கு அவள் குனிந்து எரிவாயுவை அணைத்தாள். அது மட்டும் நொடி சுத்தம். கிண்ணம் இன்னும் கையில்தான் இருந்தது.

அவனால் பொறுக்க முடியவில்லை. இரண்டே எட்டில் போய்க் கிண்ணத்தைப் பிடித்தான்.

"குடு. நான் போடறேன்."

"விடு அண்ணா."

"நேரம் போச்சு, குடுன்றேன்."

அவள் வலது கையால் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தாள். பத்து வயதில் வைத்த மாதிரியே இருந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர். மறந்துட்டா. ஆள் வந்திருக்கற பதட்டம்."

"அந்த ஜூன் மாசம் நடந்த மாதிரியா?"

ஒடகாருக்குப் புரியவில்லை. டாக்டர் பையிலிருந்து நகல்களை எடுத்து ஒரு தாளை உருவினார். "உங்க நோட்டுதான். 2003 ஜூன், தீயணைப்புப் படை விழாவுக்குக் காய்ச்சினது. 'பியர் குடிக்க முடியாத கசப்பு. போஹ்டானா பூவின் அளவைத் தவறவிட்டாள்.' அந்த மாதிரியான்னு கேட்டேன்."

அவன் எழுத்துதான். ஓரத்தில் கோடு போட்டு, கூரான பென்சிலில் எழுதியது. அந்தப் பக்கமும் நகலில் போயிருக்கிறது என்பதை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"ஆமா," என்றான். "எப்பவாவது ஒருதரம்தான்."

டாக்டர் எழுதினார்.

போஹ்டானா அண்ணனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கூடத்தில் வேலை தெரியாத புது ஆள் ஈரப் பூவை மூட்டையில் கட்டும்போது பார்ப்பாளே, அப்படி. "மறக்கல," என்றாள். "இன்னும் ஆகல."

"என்ன ஆகல?" என்றார் டாக்டர்.

"அவ என்ன சொல்றான்னா..." என்று தொடங்கினான் ஒடகார்.

டாக்டர் கையை உயர்த்தினார். "அவங்க சொல்லட்டும்."

சொல் வருவதற்கு நேரம் எடுத்தது. வெளியே ஹெர்மினாவின் கோழி ஒன்று முட்டையிட்டதை ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. ஒடகாரின் நாக்கில் பத்து வாக்கியங்கள் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"பனிக்காலத்துல, அடுப்ப அணைச்சதும், கொப்பரைக்குள்ள செம்புக் குழாய இறக்கி, அதுல கிணத்துத் தண்ணிய ஓட்டுவோம். ஐஸ் மாதிரி இருக்கும். அரை மணில கொப்பரை ஆறிரும்." நிறுத்தினாள். "இன்னிக்குக் கிணத்துல தண்ணி இல்ல. அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணி வெதுவெதுன்னு வருது, அது ஆத்தாது. அடுப்பு அணைஞ்சது நமக்குத்தான் தெரியும். கொப்பரைக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வேகவச்சிக்கிட்டேதான் இருக்கும். அட்டையில இருக்கற நேரத்துக்குப் போட்டா, மூணாவது கிண்ணமும் கசப்பாத்தான் போகும். மணம் எல்லாம் ஓட்டு வழியாப் போயிரும்."

"அப்ப எப்பப் போடுவீங்க?"

"ஆவி படுத்ததும்."

"அப்படின்னா?"

"இப்ப நிக்குது பாருங்க, நேரா. அது படுக்கணும்."

டாக்டர் கொப்பரையைப் பார்த்தார். பிறகு ஒடகாரைப் பார்த்தார். "எனக்கு இந்த வேலை தெரியாது. இது சரியா?"

ஒடகார் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டான். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, ஒரு டம்ளர் மண்ணிறத் தண்ணீரை விட்டது, மறுபடி காற்றைத் துப்பியது. அவன் அதை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிணற்றில் தண்ணீர் குறைவு என்பது அவனுக்கு ஜூலையிலேயே தெரியும். தக்காளிச் செடிகளை விட்டுவிட்டதே அதனால்தான். ஆனால் அட்டவணை எழுதும்போது அவன் மனதில் இருந்தது ஜனவரி. நோட்டில் இருந்த பக்கங்கள் எல்லாமே ஜனவரியும் பிப்ரவரியும்தான்.

ஒன்றைத் தவிர. அந்த ஜூனில் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் அதைச் செம்புக் குழாய்க்குக் கொண்டுவரும் ரப்பர்க் குழாய் இல்லை. விழாவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பீய்ச்சி விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று தீயணைப்புப் படைக்காரர்கள் கேட்க, முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன்தான். கொப்பரை சாயங்காலம்வரை தானாகவே ஆறியது. மறுவாரம் பியர் எட்டிக்காயாய்க் கசந்தது. தீயணைப்புப் படைத் தலைவர் எல்லார் முன்னாலும் அதைத் துப்பினார். அன்றிரவு அவன் நோட்டைத் திறந்து அந்த வரியை எழுதினான். அவள் பூவை மூன்று முறை நிறுத்துப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனும் அவன்தான். பதினைந்து வருடமாக அந்த வரி அங்கேயே இருக்கிறது. அவள் பார்க்கும்படியான மேசையில்.

அவன் உள்ளே வந்தபோது இருவரும் கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். காத்திருப்பு நீண்டது. பன்னிரண்டு அடித்தது. டாக்டரின் கைப்பேசி அதிர்ந்தது, எடுக்கவில்லை. ஒடகார் அட்டவணையை வாசித்தான், மறுபடி வாசித்தான், வெப்பமானியை எடுத்துத் துடைத்தான், வைத்தான், எடுத்தான். போஹ்டானா ஒருத்திதான் அசையாமல் நின்றாள், கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"கொஞ்சம் உட்காரேன் அண்ணா. தரை தேயுது."

பன்னிரண்டு இருபத்துமூன்றுக்கு ஆவி மாறியது. அதுவரை கம்பமாக எழுந்தது, விளிம்புக்கு மேல் மெல்லிய துணி போலச் சாய்ந்து படர்ந்தது. அவள் மூன்றாவது கிண்ணத்தைக் கொட்டினாள். ஒடகார் வெப்பமானியை விட்டுப் பார்த்தான். எழுபத்தொன்பது.

மணம் எழுந்தது. அறுவடை நாளில் உலர்கூடத்துக் கதவைத் திறந்தால் வருமே, அந்த மணம். டாக்டர் தன்னையறியாமல் முகத்தை நிமிர்த்தி இழுத்தார்.

"எழுபத்தொன்பது டிகிரி," என்றான் ஒடகார். "எண்பதுக்குக் கீழ வந்தா கசப்பு இறங்காதுன்னு புத்தகத்துல இருக்கு. நான் படிச்சிருக்கேன். டாக்டர், நான் சொன்னத அடிச்சிருங்க."

"எத?"

"மறந்துட்டான்னு சொன்னேனே, அத. அந்த ஜூன் மாசத்தையும்."

"எழுதினத நான் அடிக்கறதில்ல. அதுக்குக் கீழ எழுதலாம். நீங்க சொல்லுங்க, எழுதறேன்."

ஒடகார் எழுந்து நின்றான். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாது என்று தோன்றியது. "எழுதுங்க. இன்னிக்குத் தப்பு என்னோடது. அட்டவணை நான் போட்டது. குளிர்காலக் கணக்க வெயில்காலத்துக்குப் போட்டேன். திங்கட்கிழமையே அவ வேணாம்னா, நான் முழுசாக் கேக்கல. 2003லயும் தப்பு என்னோடது. குழாய நான்தான் இரவல் குடுத்தேன். அவ அளவு தப்பல. பக்கத்துல நின்னு பார்த்துட்டே அவ மேல எழுதினேன்." மூச்சு வாங்கியது. வால்வு. "இப்பவும், அவ காரியமா நின்னுக்கிட்டிருக்கறப்ப நான்தான் புடுங்கப் போனேன். எல்லாத்தையும் எழுதுங்க."

டாக்டர் எழுதினார். நிதானமாக எழுதினார். பிறகு அட்டையை நீட்டினார். ஒடகார் வாசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போட்டான்.

"என் காலைச் சாப்பாட்டையும் சேர்த்து எழுதச் சொல்லு," என்றாள் போஹ்டானா. "நீ பண்ணின அமர்க்களத்துல நான் ஒண்ணுமே சாப்பிடல."

மூவரும் அடுக்களையில் உருளைக்கிழங்கு சூப் குடித்தார்கள். நூறிலிருந்து ஏழைக் கழிப்பதை டாக்டர் மறுபடி கேட்கவில்லை. போஹ்டானாவாகவே, கரண்டியை நக்கிக்கொண்டே, "எழுபத்தொன்பது," என்றாள். வெப்பமானியைச் சொல்கிறாள் என்றுதான் ஒடகார் நினைத்தான். "எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு," என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். இரண்டு வரைக்கும் போனாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். ஒடகாருக்குத் தூக்கம் இல்லை. தபால்காரியின் சைக்கிள் சத்தத்துக்கெல்லாம் எழுந்து போனான். நிபுணரின் அறிக்கையில் என்ன இருக்கும் என்று ஹெர்மினாவிடம் ஐந்து தடவை கேட்டான். "எனக்கென்னடா தெரியும், எம்புருஷனா எழுதினான்?" என்று அவள் ஐந்து தடவை சொன்னாள். நிலவறையில் பியர் நொதித்து அடங்கியது. அக்டோபர் கடைசியில் போஹ்டானா முதல் ஜாடியைப் பிடித்து வந்தாள்.

ஹெர்மினா குடித்துவிட்டு மீசை துடைப்பது போல உதட்டைத் துடைத்தாள். "என் வீட்டுத் தண்ணி. வேற என்ன சொல்ல."

ஒடகாருக்கும் பிடித்திருந்தது. போஹ்டானா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "ரெண்டாவது கிண்ணத்தையும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கணும். கசப்பு அடி நாக்குல நிக்குது. எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான். 2003 ஜூன் பக்கத்தையும் திறந்து, அந்த வரியை அடிக்காமல், அதற்குக் கீழே நடந்ததை எழுதித் தேதி போட்டான். எழுதியதை அவளிடம் காட்டினான். அவள் விரல் வைத்து வாசித்தாள். "சரி," என்றாள்.

நவம்பரில் கோர்ட்டுக்குப் போனார்கள். கால் மணி நேரம்தான் ஆயிற்று. நீதிபதி இளவயதுப் பெண். அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை உரக்க வாசித்தார். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் செய்யாமல், நிலைமை மாறியதைப் பார்த்துத் தானாக முடிவெடுக்கிறார். நெருங்கிய உறவினர் வற்புறுத்தியபோதும் அந்த முடிவில் நிற்கிறார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். வீட்டையோ நிலத்தையோ விற்பதென்றால் மட்டும் அண்ணனின் ஒப்புதல் வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் போஹ்டானா லிப்கோவா தன்பொறுப்பில் இருப்பவர். முப்பத்தேழு வருடம் கழித்து வந்த தீர்ப்பு அவ்வளவுதான். வெளியே வந்ததும் ஒடகார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அவள் பக்கத்தில் நின்று, பசிக்கிறது என்றாள்.

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர் யார் என்று சுங்க அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். தீர்ப்பு அமலுக்கு வந்த வாரமே, ஜனவரியில் காய்ச்சுவதற்கு முன்னால் பெயரை மாற்றிவிட வேண்டும் என்று போஹ்டானா சொன்னாள். பஸ்ஸில் போனார்கள். ஒடகார் வழி முழுக்கப் பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கீறிக் கீறிப் பார்த்தான். அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். அவன் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னான், அவள் நின்றாள். அவள் முறை வந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தைத் தள்ளி, "கீழ ஒரு கையெழுத்து, பக்கத்துல இன்னிக்குத் தேதி," என்றாள்.

எந்த இடம் என்று காட்ட ஒடகாரின் விரல் நீண்டது. பாதி வழியில் அதை மடக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

போஹ்டானா முதலில் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டார். அவள் மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு பலமில்லாத இடது கையைத் தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள். பக்கத்தில் தேதியைப் போட்டாள். 2018 டிசம்பர் 4.